மூன்று பேருக்குக் குறையாமல்

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாதாம், பயோடேட்டா என்றால் ஒரே பக்கம்தானாம், இரண்டாவது பக்கத்தைக் கம்பெனிக்காரன் புரட்டவே மாட்டானாம்... யார் சொல்வது, ஏசுராஜ் சொல்கிறான், எம்.எஸ்ஸி. படிக்கும்போது பாறையியல் ரெக்கார்டு நோட்டை என்னிடம் வாங்கிப் பார்த்து வரைந்து, அதிலும் ஒரு படத்தைத் தலைகீழாக வரைந்து கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியவன் சொல்கிறான், என்று நினைத்துக்கொண்டே ஜரீனா முகத்தில் ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தாள். சிரிக்காமல் என்ன செய்வது, மாணவர்கள் நடுநடுவே அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அவர்களுடைய நிலவியல் பேராசிரியை அவள்தான், வேலைவாய்ப்புப் பொறுப்பும் அவள் தலையில்தான், விருந்தாளியைக் கூப்பிட்டதும் அவள்தான். இந்த மழை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்நேரம் பிள்ளைகளை மாரமங்கலம் பக்கம் கூட்டிப்போய்ப் பாறைச் சரிவைக் காட்டிக்கொண்டிருப்பாள், சுத்தியலும் காம்பஸுமாக அவர்கள் ஏறி இறங்கியிருப்பார்கள், ஆனால் விடிந்ததிலிருந்து ஏற்காடு முழுக்க மூட்டம், எதிரே நிற்கும் சவுக்கு மரம் கூடத் தெரியவில்லை, களப்பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் ஈரச் சாக்ஸோடு உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவன் ஞாபகம் வந்தது. ஒரு சுரங்கக் கம்பெனியில் பெரிய பதவி, மஞ்சக்குட்டை பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டியிருக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான். போன் செய்தால், அதுக்கென்ன ஜரீனா, பசங்களுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டாப் போச்சு, என்று அரை மணியில் வந்து நின்றான், லேப்டாப்போடு, காய்ந்த ஷூவோடு. இந்த மழையில் இவன் ஷூ மட்டும் எப்படிக் காய்ந்திருக்கிறது?

அடுத்த படத்தைத் தட்டினான். சுவரில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் விழுந்தது, அதற்குள் அவன் முகம். டிகிரி மட்டும் வெச்சிருந்தாப் பத்தாது, மேப் சாஃப்ட்வேர் தெரியணும், ட்ரோன் ஓட்டத் தெரியணும், இங்கிலீஷ்ல நாலு பேர் முன்னாடி பேசத் தெரியணும், இன்டர்வியூல கண்ணைப் பார்த்துப் பேசுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க... எல்லாம் சரிதான், அதுதான் எரிச்சல், எல்லாமே சரியாகத்தான் சொல்கிறான். இதையே அவள் மூன்று செமஸ்டராகத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள், ஒருவனும் குறித்துக்கொண்டதில்லை, இன்று பேனா ஓடுகிறது. சுற்றுச்சூழல் அறிவியல் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு படம் வைத்திருந்தான், தொழிற்சாலை வருவதற்கு முன் காற்றையும் தண்ணீரையும் அளந்து அறிக்கை எழுதும் வேலை, கழிவுநீர் வேலை, காலநிலை வேலை. அப்புறம் பெண் பிள்ளைகளுக்கு என்று தொடங்கினான், தொடங்கும்போதே குரல் கனிந்தது, ஒரு பெரியப்பா குரல் வந்துவிட்டது. பொண்ணுங்க நீங்களும் பயப்பட வேண்டியதில்லைம்மா, உங்களுக்கு டீச்சிங் இருக்குது, லேப் இருக்குது, ஆபீஸ்ல உக்காந்து மேப் போடலாம், உங்க மேடத்தையே பாருங்க, என்றான். எல்லாத் தலையும் திரும்பியது. பார்த்தார்கள். என்னத்தைப் பார்த்தார்கள்? காட்டன் புடவை, மூக்குக்கண்ணாடி, வருகைப் பதிவேடு... டீச்சிங் இருக்கிறது என்பதற்கு இவள்தான் சாட்சி, மலைமேல் ஏறிக் கல்லுடைக்க முடியாதவர்கள் வந்து சேர்கிற இடத்துக்கு இவள்தான் போர்டு.

உள்ளங்கை சுட்டது. டீ டம்ளரைப் பிடித்திருந்த கை என்று நினைத்தாள், ஆனால் கையில் டம்ளர் இல்லை. எத்தனை வருஷம் ஆகிறது, அது தொண்ணூற்றேழாம் வருஷம், இதோ கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அத்தாவின் இரும்புக் கடை, அதன் முன்னால்தான் பாக்சைட் லாரிகள் சிவப்புத் தூள் சிந்திக்கொண்டு கொண்டை ஊசி வளைவுக்கு இறங்கும், ஆணிப் பெட்டிமேல் எல்லாம் அந்தத் தூள் படியும், எங்கிருந்து வருகிறது, ஏன் சிவப்பு, ஏன் இந்த மலைமேல் மட்டும் என்று கேட்டுக் கேட்டு அவள் நிலவியலுக்குப் போனாள். அத்தா ஷேக் தாவூத், கல்லைப் படிச்சு என்ன பண்ணப் போறே கண்ணு, என்று ஒரே ஒரு முறை கேட்டார், அப்புறம் கேட்கவில்லை, காலேஜ் பீஸ் கட்டினார். வகுப்பில் அவள்தான் முதல். கடைசி வருஷம் வடக்கேயிருந்து ஒரு சுரங்கக் கம்பெனி ஆள் எடுக்க வந்தது, வருவதற்கு முந்தின நாள் துறைத்தலைவர் காளியண்ணன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். சுரங்கம்னா பொம்பளைப் புள்ளைங்களை எடுக்க மாட்டாங்க கண்ணு, சட்டமே அப்படித்தான், பூமிக்கடியில கூடாது, ராத்திரியில கூடாது, நீ மனசை விட்ராதே, நம்ம டிபார்ட்மென்ட்லயே உனக்கு ஒரு எடம் பண்ணித் தர்றேன். பண்ணியும் தந்தார். சொன்ன சொல் தவறாதவர். ஏசுராஜ் அந்தக் கம்பெனிக்குப் போனான், மதிப்பெண்ணில் எங்கேயோ இருந்தவன் போனான். அன்றிலிருந்து அவளுக்குச் சட்டத்தின் மேல் கோபம், கம்பெனியின் மேல் கோபம், இவன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம், இவன் ஒவ்வொரு பதவியாக ஏறும்போதும் அது ஒவ்வொரு படியாகக் கூடவே ஏறியது. பழைய மாணவர் கூட்டத்தில் இவன் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கும்போது கைதட்டியிருக்கிறாள். நன்றாகத்தான் தட்டினாள்.

யாராவது ஏதாவது கேளுங்க, என்றான். வழக்கம்போல் எல்லாத் தலையும் நோட்டுக்குள் குனிந்தது, கூரைத் தகரத்தில் மழை மட்டும். பிறகு பின் வரிசையில் ராசாத்தி எழுந்தாள். செம்மநத்தத்துப் பெண், அப்பா அம்மாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் சாமைக் காடும், வகுப்பில் கேள்வி கேட்டே அவளுக்குக் கெட்ட பேர்.

“சார், சுரங்கத்துக்குள்ள போற வேலைக்கு நாங்க எழுதிப் போடலாமுங்களா?”

“போடலாம்மா. முன்ன கூடாதுன்னு இருந்துச்சு, இப்ப சட்டத்தை மாத்தியாச்சு. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? ஒரு ஷிப்ட்ல மூணு பொம்பளைங்களுக்குக் குறையாம இருக்கோணும்னு ரூல். ஒருத்தரா ரெண்டு பேரா எறக்க முடியாது. மூணு பேருக்கு நான் எங்க போறது, சொல்லு.”

“நாங்க இங்க நாலு பேரு இருக்கோமுங்களே சார்.”

கூடம் சிரித்தது. சிரிப்பு முதலில் அவள் பக்கம்தான் இருந்தது, ஜரீனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, போடு கண்ணு, இன்னொன்று போடு என்று இருந்தது... ஆனால் ஏசுராஜும் சேர்ந்து சிரித்தான், அவனுக்கு அதெல்லாம் வரும், சிரித்து நழுவுகிற வித்தை. நல்லா கேக்கறே, உங்க மேடம் மாதிரியே, என்றான். “உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? எங்க பேட்ச்ல மேடம்தான் பர்ஸ்ட். எங்க கம்பெனிக்காரங்க வந்தப்போ மொதல்ல இவங்க பேரைத்தான் கேட்டாங்க. சுரங்கத்துக்குக்கூட இல்ல, மேல மலையில கல்லு எடுத்து மேப் போடுற வேலைக்கு. எங்க காளியண்ணன் சார், அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சுங்க, அனுப்ப மாட்டாங்கன்னு சொல்லிட்டாரு. அப்புறந்தான் என்னைக் கூப்பிட்டாங்க! மேடம் கல்யாணத்துக்கு நாந்தான் மொய் வெக்கோணும்.” மறுபடியும் சிரிப்பு. இந்த முறை பெரிதாக.

கல்யாணமா? எந்தக் கல்யாணம்? அந்த வருஷம் அவளைப் பெண் பார்க்கக்கூட யாரும் வந்ததில்லை, அவளுக்கு நிக்காஹ் ஆனதே மூன்று வருஷம் கழித்து... சிரிப்பை எடுக்க மறந்துபோய் அப்படியே நின்றாள், அது முகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே, மலையில், மேப் போடுகிற வேலை. பூமிக்கடியில் இல்லை. அப்படியானால் சட்டம் எங்கே வந்தது? சட்டம் வரவேயில்லை, சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பகலில் வெயிலில் மலைமேல் நடக்கிற பெண்ணை எந்தச் சட்டமும் அன்றைக்கும் தடுக்கவில்லை. அவர்கள் வந்த அன்று சார் அவளைத்தான் டீ கொண்டுவரச் சொன்னார், நம்ம ஜரீனா பொறுப்பா பாத்துக்கும் என்றார், அவளும் தட்டில் பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டு போனாள், கம்பெனிக்காரர் இரண்டு பேரில் நரைத்தவர் டீயை வாங்கிக்கொண்டு பெயர் என்ன என்று கேட்டார், சொன்னாள், அவர் மற்றவரைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்து, வாழ்த்துகள், என்றார். எதற்கு வாழ்த்து என்று அப்போதே யோசித்தாள். முதல் மதிப்பெண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டாள். அடிப்பாவி, முதல் மதிப்பெண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டு அவருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு, காலித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாளே.

டீக்கு விட்டார்கள். யார் விட்டது, அவளேதான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், பிள்ளைகள் எழுந்து பக்கோடாத் தட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். வராந்தாவுக்கு வந்தாள். மூட்டம் கைப்பிடிச் சுவர்வரை வந்து நின்றது. போனை எடுத்தாள், காளியண்ணன் சார், சேலத்தில் இருக்கிறார், ரிட்டையர் ஆகி வெகுகாலம், ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டுக்குப் பிரியாணி போகிறது, பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வருகிறது. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். அதற்குள் எண்ணைத் தட்டியிருந்தாள், அங்கே மணி அடித்தது.

“ஜரீனாவா, சொல்லு கண்ணு. மேல நொம்ப மழையாமே?”

“ஆமாங்க சார். சார், ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னிக்கு, நாங்க முடிச்ச வருஷம், அந்த வடக்கத்திக் கம்பெனி... அவங்க என்னைக் கேட்டாங்களா?”

அவர் தயங்குவார் என்று எதிர்பார்த்தாள். தயங்கவேயில்லை, அதுதான் கொடுமை. “கேட்டாங்களே. நான்தான் வேண்டாம்னேன். எங்கியோ காட்டுல கூடாரம் போட்டு இருக்கோணுமுன்னாங்க, கூட அம்புட்டும் ஆம்பளைங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பாவை நான் எந்த மொகத்தோட பாக்கறது? அதான் கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். உங்கிட்டச் சட்டம்னு சொன்னேன். சட்டம்னா நீ அழுவ மாட்டேன்னு.” ஒரு மூச்சு வாங்கினார். “ஏங் கண்ணு, இப்ப என்ன கொறை? ஊட்டுக்கும் காலேஜுக்கும் பக்கம், புள்ளைங்க படிச்சு ஆளாயிருச்சு, பேராசிரியையாயிட்டே. என்ன கொறை சொல்லு?”

என்ன குறை. அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் அடுக்கி வைத்த வசவெல்லாம் உள்ளே இருக்கிறது, எல்லாம் கூர்தீட்டி வைத்தது, ஆனால் எதிலும் இவர் முகவரி இல்லையே, சட்டம் என்று எழுதியிருக்கிறது, கம்பெனி என்று எழுதியிருக்கிறது, ஏசுராஜ் என்று எழுதியிருக்கிறது... “ஒண்ணுமில்லீங்க சார்,” என்றாள். “முட்டி வலி எப்படி இருக்குதுங்க?” அவர் முட்டியைப் பற்றிச் சொன்னார். விவரமாகச் சொன்னார், எந்த டாக்டர், எந்தத் தைலம். கேட்டுக்கொண்டாள். வைத்தபின் சுவரில் ஓங்கி அறைந்தாள், கை வலித்தது, வலித்ததும் இன்னும் கோபம் வந்தது, முட்டி வலி எப்படி இருக்குதுங்களாம்.

“என்ன ஜரீனா, இங்க வந்து நிக்கறீங்க, குளிருது பாருங்க,” என்று ஏசுராஜ் இரண்டு டம்ளர் டீயோடு வந்தான். அவளுக்கு ஒன்றை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

இருபத்தைந்து வருஷமாக நீங்க, வாங்க. இன்றைக்கு உனக்கு. அவன் டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். “எது? ஓ, அதா... செலக்சன் அன்னிக்கே அந்தக் கம்பெனிப் பெரியவர் எங்கிட்டச் சொன்னாரே. உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். நீயே வேண்டாம்னு சொன்னதாத்தான் இத்தனை நாளும்...”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கல்யாணமாகப் போற பொண்ணுகிட்ட என்னன்னு கேக்கறது?”

“அப்புறம் மூணு வருஷத்துக்குக் கல்யாணம் ஆகலையே. அதே காலேஜ்ல சுண்ணாம்புக் கட்டி புடிச்சுட்டு நின்னேனே, நீ லீவுக்கு வரும்போதெல்லாம் பாத்துட்டுத்தானே போனே. அப்பவும் தோணலையா?”

அவன் யோசித்தான், நிஜமாகவே யோசித்தான், வழுக்கை நெற்றி சுருங்கியது, பொய் சொல்லக்கூட ஒன்றும் கிடைக்காதவன் முகம். “தோணலை,” என்றான். அவ்வளவுதான். தோன்றவில்லை, அவளைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அவள் இவனை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறாள், இவன் அவளை ஒரு தமாஷுக்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறான், எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பானோ, எத்தனை பேர் சிரித்தார்களோ. தப்பு இவனுடையது இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே, இனி இவன் மேலிருக்கிற கோபம் இறங்க வேண்டும்தானே, எங்கே இறங்குகிறது? இன்னும் ஏறுகிறது. டீயை எடுத்து அவன் காய்ந்த ஷூவில் ஊற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், நிஜமாகவே நினைத்தாள்.

“நாலு பேர் தர்றேன்,” என்றாள். “மூணுக்குக் குறையாம வேணும்னியே, நாலு பேர். நாலும் நல்லாப் படிக்கிறவங்க. சம்மதம்னு எழுதி வாங்கோணும்னு ரூல் இருக்குது, அதையும் வாங்கித் தர்றேன். வேண்டாம்னா உங்க கம்பெனி வேண்டாம்னு அந்தப் புள்ளைங்களுக்கே எழுதட்டும். நடுவுல நீ சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்.”

“ஏனுங்க ஜரீனா, நான் ஒருத்தன் சொன்னா ஆயிருமா...”

“எனக்குப் பதிலா உன்னை எடுத்தாங்களே, அன்னிக்கும் ஒருத்தர் சொன்னதுதான்.”

அவன் சுவரிலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டான். அனுப்புங்க, என்றான். நானே கூட உக்காந்து பேசறேன், என்றான். அது உண்மையா, தப்பிக்கச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டும் அவன் வாயில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனாலும் உள்ளே போகும்போது அவள் கால் வேகமாக நடந்தது, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக இந்தக் கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சும்மா உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த கோபம்.

ராசாத்தி ஜன்னலோரம் பக்கோடாவை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், கம்பெனிக்கு உங்கள் பேர் போகப் போகிறது, நீ, அந்த மூன்று பேர், இன்று இரவே பயோடேட்டாவைத் தயார் செய்யுங்கள், ஒரு பக்கமோ ஒன்பது பக்கமோ நான் பார்க்கிறேன், பயப்படாதே, நான் இருக்கிறேன்... சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது, ஏன் என்று இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்.

ராசாத்தி கூச்சத்தோடு நெளிந்தாள். “மேடம், அவங்க மூணு பேரையும் கேட்டுப் பாக்கறேனுங்க. ஆனா எனக்குச் சுரங்கம் வேண்டாமுங்க. நான் நிலத்தடித் தண்ணி வேலைக்குத்தான் போவோணும். எங்கூர்ல கண்ட எடத்துல போர் போட்டுப் பாழ் பண்ணி வெச்சிருக்காங்க.”

“பின்னே எதுக்குக் கேட்டே?” சுள்ளென்று வந்துவிட்டது. கோபம் ஒரு வினாடியில் அந்தப் பெண் மேலேயே பாய்ந்தது, இவளுக்காக நான் அங்கே அவன்கூட மல்லுக்கு நின்றேன், இவள் என்னடாவென்றால்...

“கெடைக்குமா கெடைக்காதான்னு தெரிஞ்சுக்கலாம்னுதானுங்க. கெடைக்காததைப் போயி வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள், சொல்லிவிட்டு, கெடைக்கும்னா அப்புறம் நானே வேண்டாம்னு சொல்லிக்குவேனுங்களே, என்று சிரித்தாள், அதற்குள் யாரோ கூப்பிட அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஜரீனா ஜன்னலருகே நின்றாள். கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. கூடத்தில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம், ஏசுராஜ் அடுத்த படத்துக்குத் தயாராகிறான், மேடம் வாங்க, என்று யாரோ. வருகிறேன். காளியண்ணன் சார் அன்று வேறு மாதிரிச் சொல்லியிருந்தால்... ஜரீனா, உன்னைக் கேட்கிறார்கள் கண்ணு, எங்கேயோ வடக்கே காடு, கூடாரம், மொழி தெரியாத ஊர், போறியா? போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள், இதில் என்ன யோசனை, இத்தனை வருஷக் கோபம் பின்னே எதற்கு, நிச்சயம் போகிறேன் என்றுதான்... நிச்சயமாகவா? அத்தாவிடம் யார் சொல்வது, அம்மா அழுவாளே, முதல் ராத்திரி அந்தக் கூடாரத்தில்... இருபத்திரண்டு வயதில் அவள் எப்படி இருந்தாள், எதற்குப் பயந்தாள்? அந்தப் பெண்ணை அந்த அறையில் அந்த நாற்காலியில் உட்கார வைத்து, மறுபடியும் கேட்டுப் பார்த்தாள், போறியா? அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.